அப்பாவுக்குத் தசை அல்ட்ராசவுண்ட்: மோட்டார் நியூரான் நோயைக் கண்டறிய அது எந்த அளவுக்கு உதவும்?

மதுரை மகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. நாற்பது ஆண்டுகளாகத் தையல் வேலை செய்கிறார். ஏழு மாதங்களுக்கு முன் கத்தரிக்கோல் பிடிக்கும் வலக்கைக் கட்டைவிரலில் பிடிமானம் குறையத் தொடங்கியது. இப்போது அந்த விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை குழிந்தே போய்விட்டது. வலியோ மரத்துப்போதலோ இல்லை. முதலில் பார்த்த மருத்துவர், கழுத்து எம்.ஆர்.ஐ.யில் எலும்புத் தேய்மானம் தெரிகிறது என்றார். கழுத்துப் பட்டையும் பிசியோதெரபியுமாக ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன. இப்போது பார்க்கும் நரம்பியல் மருத்துவர் மோட்டார் நியூரான் நோயாக (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோய்) இருக்குமோ என்று ஐயப்படுகிறார். தசைக்குள் ஊசி வைத்து மின்னசைவைப் பதிவு செய்யும் இ.எம்.ஜி. பரிசோதனையில் இரண்டு கைகளிலும் மாற்றம் இருக்கிறது. கால்களில் ஊசி குத்திய இடங்களில் எதுவும் தெரியவில்லை. நாக்கில் ஊசி வைக்க அப்பா சம்மதிக்கவே இல்லை. அதனால் தசைகளை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். ஊசியில் தெரியாதது ஸ்கேனில் தெரியுமா? அதை நம்பி இவ்வளவு பெரிய நோயை முடிவு செய்யலாமா?

நரம்பியங்கியல் மருத்துவர் (பதில்):

சகோதரி, ஊசியில் அகப்படாத ஒன்று ஸ்கேனில் தெரிய வாய்ப்புண்டு. ஆனால் ஸ்கேனை மட்டும் வைத்து யாரும் இந்த நோயை முடிவு செய்வதில்லை.

இ.எம்.ஜி. ஊசியின் நுனி தன்னைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் அளவிலான தசையின் மின்னசைவை மட்டுமே பதிவு செய்கிறது. இந்த நோயில் தசைகள் தாமாகவே துடிப்பதுண்டு; தொடைத் தசையின் வேறொரு மூலையில் அத்தகைய துடிப்பு எழுந்தால் ஊசிக்கு அது தெரியாமல் போகலாம். அல்ட்ராசவுண்டோ தசையின் குறுக்குவெட்டை அகலமாகவும் ஆழமாகவும் காட்டுகிறது. தளர்ந்து கிடக்கும் தசையின் ஒரு சிறு பகுதி, போர்வைக்குள் குழந்தை விரலை அசைத்தாற்போல, அரை நொடிக்கும் குறைவான நேரம் சுருங்கி விடுவது திரையில் தெளிவாகத் தெரியும். தோலுக்கு மேலிருந்து கண்ணால் பார்க்க முடியாத ஆழத்துத் துடிப்பும் இதில் தெரியும். 1990 முதலே இதைப் பற்றிய ஆய்வுகள் வெளிவந்துகொண்டிருக்கின்றன.

துடிப்பைத் தேடும் இந்த ஸ்கேன் மதிப்புப் பெற்றதற்கு, இந்த நோயைக் கண்டறிய ஜப்பானின் அவாஜித் தீவில் கூடிய வல்லுநர்கள் வகுத்து 2008இல் வெளியான நெறிமுறை முக்கியக் காரணம். அதற்கு முன்பு, நரம்பிழந்த தசையில் ஊசி பதிவு செய்யும் குறிப்பிட்ட சில தன்னியக்க அலைகள் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நாட்பட்ட நரம்புப் பாதிப்பின் அடையாளம் உள்ள தசையில் துடிப்பு அலைகள் இருந்தால் அவற்றையும் அதற்கு இணையான சான்றாகக் கொள்ளலாம் என்றது அவாஜி நெறிமுறை. துடிப்புக்கு இப்படி மதிப்பு வந்தபின், அதைத் தேடுவதற்கு வலியில்லாத வழியான அல்ட்ராசவுண்டின் பக்கம் பலரும் திரும்பினார்கள்.

தங்கள் தந்தையின் நிலையில் துடிப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. கழுத்துத் தேய்மானம் கைத் தசைகளை மெலியச் செய்யும். ஆனால் நாக்கையோ வயிற்றுத் தசையையோ துடிக்கச் செய்யாது. அந்த இடங்களிலும் தொடையிலும் துடிப்பு திரும்பத் திரும்பத் தெரிந்தால், கழுத்தின் மீது பழியைப் போட்டுக் காத்திருப்பதில் பொருளில்லை. நாக்கை ஊசி வைத்துச் சோதிக்கும்போது நோயாளியால் அதைத் தளர்த்தி வைக்க முடிவதில்லை. ஸ்கேனில் தாடைக்குக் கீழே கருவியை வைத்தாலே போதும்.

துடிப்பு மட்டுமே நோயல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கும், குறிப்பாகக் கெண்டைக்கால் தசையிலும் பாதத்திலும், துடிப்பு வருவதுண்டு. வலுவிழப்பு இல்லாமல், தசையின் பருமனும் ஸ்கேனில் தெரியும் நிறமும் இயல்பாக இருந்து, துடிப்பு மட்டும் இருந்தால் நாங்கள் பெரும்பாலும் ஆறுதல் சொல்லியே அனுப்புகிறோம். இந்த நோயைக் கண்டறிய 2020இல் வெளியான கோல்டு கோஸ்ட் நெறிமுறையும், படிப்படியாகக் கூடும் வலுவிழப்பு, நோயாளியைப் பரிசோதித்தோ இ.எம்.ஜி. மூலமோ கண்டறியும் நரம்பணுப் பாதிப்புகள் (மூளையிலிருந்து வரும் மேல்நிலை நரம்பணுக்கள், தசைக்குச் செல்லும் கீழ்நிலை நரம்பணுக்கள்), பிற நோய்கள் இல்லை என்ற உறுதி ஆகியவற்றையே அடிப்படையாகக் கொள்கிறது.

கோவை வாசகர் (பதில்):

என் மனைவிக்கு இந்த ஸ்கேன் எடுத்தபோது அருகில் இருந்தேன். ஜெல் தடவி, கருவியை ஏறக்குறைய எடையே தெரியாதபடி தோலின் மீது வைத்து, ஒவ்வொரு தசையையும் அரை நிமிடம் அசையாமல் பார்த்தார்கள். அழுத்தினால் தசையின் தடிமன் குறைவாகக் காட்டிவிடும் என்று விளக்கினார்கள். இடக்காலில் ஏதோ துடித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. அது சீராக வருவதைக் காட்டி, இரத்தக்குழாயின் துடிப்பு என்று உடனே சொன்னார்கள். உண்மையான தசைத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தது. இரண்டு தொடைகளையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது ஒன்று கருஞ்சாம்பலாகவும் மற்றது வெளிறியும் இருந்தது. மெலிந்த தசையில் கொழுப்பும் நாரும் சேர்வதால் இப்படி வெளிறும் என்றும், வயதானாலும் ஓரளவு வெளிறும் என்றும் சொன்னார்கள். எங்களுக்கு அன்று கிடைத்த பதில் நாங்கள் வேண்டிய பதில் அல்ல. ஆனாலும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்த பதினொரு மாதங்கள் அத்துடன் முடிந்தன என்பதற்காக அந்தப் பரிசோதனைக்கு நன்றியுடையவனாக இருக்கிறேன்.

நரம்பியல் முதுநிலை மாணவி (பதில்):

மேலே மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மரத்துப்போதல் இல்லாமல் கை மட்டும் மெலியும் எவருக்கும், பல்குவிய இயக்க நரம்பழற்சி (தசையை இயக்கும் நரம்புகளை ஆங்காங்கே தாக்கும் நோய்) இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். ஏனென்றால் அது இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) மருந்தால் குறையக்கூடியது. அந்த நோயிலும் தசை துடிக்கலாம். ஆனால் அதே ஸ்கேன் கருவியை மேற்கைக்கும் கழுத்தருகே உள்ள நரம்புப் பின்னலுக்கும் நகர்த்தினால், நரம்பு ஆங்காங்கே தடித்திருப்பது பலரிடம் தெரியும். மோட்டார் நியூரான் நோயில் நரம்பு அப்படித் தடிப்பதில்லை. இயல்பாகவோ சற்று மெலிந்தோ இருக்கும். ஆகவே தசையைப் பார்க்கும் அன்றே நரம்புகளையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நரம்பின் வழியே மின்துடிப்பு செல்வதை அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையில் எங்காவது தடை தெரிந்ததா என்றும் விசாரியுங்கள்.

தங்கள் தந்தைக்குக் கட்டைவிரல் பக்கம் குழிந்திருக்கிறது என்றீர்கள். சுண்டுவிரல் பக்கச் சதை எப்படி இருக்கிறது? கட்டைவிரல் பக்கம் மட்டும் அதிகமாக மெலிவது மோட்டார் நியூரான் நோயில் அடிக்கடி காணப்படும் அமைப்பு. இரண்டு பக்கத் தசைகளின் தடிமனையும் ஸ்கேனில் அளந்து ஒப்பிடலாம்.

மதுரை மகள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சுண்டுவிரல் பக்கச் சதை நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவின் கையை விளக்கொளியில் விரித்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ஸ்கேன். மேற்கை நரம்புகளையும் பார்க்கும்படி கேட்கப்போகிறேன். அதற்கு முன் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நரம்பியங்கியல் மருத்துவர்:

வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. வேட்டியும் தளர்வான சட்டையும் போட்டு அழைத்து வாருங்கள். தொடையும் வயிறும் தெரிய வேண்டும். இ.எம்.ஜி. அறிக்கையைக் கையோடு கொண்டுவாருங்கள். அறையில் குளிர் அதிகமாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். நடுங்கும் தசையில் துடிப்பை எண்ணுவது கடினம். ஊசி கிடையாது என்பதை அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.