ஸ்விங் கார் பின்னால் போகிறது, திருப்பிப் பிடித்தாலும் வேகம் இல்லை – யாராவது உதவுங்களேன்

அமுதா:
வணக்கம். அக்கா வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அவர்களுடைய ஸ்விங் கார் எங்களிடம் வந்திருக்கிறது. பெடல் கிடையாது, பேட்டரி கிடையாது, உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஆட்டினால் ஓடும், அந்த வகை. உடல் தனி, ஸ்டீயரிங் தனி, சக்கரங்கள் தனி என்று ஒரு சாக்கில் வந்தது. எப்படி மாட்டுவது என்று விளக்கும் தாள் அதில் இல்லை. தண்டு, வாஷர், போல்ட் எல்லாம் அதனதன் இடத்தில் சரியாகத்தான் உட்கார்ந்தன.

பிரச்சினை இரண்டு. ஒன்று, ஸ்டீயரிங்கை ஆட்டினால் வண்டி மெதுவாகப் பின்னால் போகிறது. என் மகனுக்கு ஐந்து வயது, அவனுக்கு அதுவும் குஷிதான், ஆனால் சுவரில் போய் முதுகைக் காட்டி நிற்கிறான். இரண்டு, ஸ்டீயரிங்கைத் தலைகீழாகத் திருப்பி வைத்து ஆட்டினால் முன்னால் போகிறது, ஆனால் ஒரு முழம் நகர்வதற்குள் கை வலித்துவிடுகிறது. வண்டியின் மூக்கு மட்டும் இடமும் வலமும் ஆடுகிறது. வழவழப்பான டைல்ஸ் தரையிலும் சிமெண்ட் தரையிலும் ஒரே கதை. எங்கே பார்க்க வேண்டும்?

முகில்:
மோட்டார் ஒயர் மாறியிருக்கும். பிளஸ், மைனஸ் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அமுதா:
மோட்டாரே இல்லை தம்பி.

திருகாணி:
சக்கரங்களுக்கு நன்றாக எண்ணெய் விடுங்கள். சுற்றவில்லை என்றால் எப்படி ஓடும்?

பழைய பேரிங்:
திருகாணி சொல்வதைப் பாதிதான் கேளுங்கள். அச்சு சேரும் இடத்தில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். சக்கரத்தின் வெளிப்பரப்பில் எண்ணெய் பட்டால் வண்டி செத்தது. இந்த வண்டி முழுக்க முழுக்க முன்சக்கரம் தரையைப் பிடிப்பதை நம்பியே ஓடுகிறது. ஏற்கனவே எண்ணெய் விட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் நான்கு சக்கரங்களையும் துடைத்துவிடுங்கள், தரையையும்தான்.

முதல் பிரச்சினை எளிது. ஸ்டீயரிங் வட்டை 180 டிகிரி மாறி உட்கார்ந்திருக்கிறது. வண்டியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: முன்சக்கரங்கள் ஸ்டீயரிங் தண்டுக்கு நேர் கீழே இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். அவை தண்டுக்குப் பின்னால் இருந்தால் வண்டி முன்னால் போகும், முன்னால் இருந்தால் பின்னால் போகும். ரிவர்ஸ் கியரே அதுதான். ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்போது ஸ்டீயரிங்கைத் தலைகீழாகச் சுற்றிப் பின்னால் போவார்கள்.

எது சரியான நிலை என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம், வண்டியே சொல்லும். ஸ்டீயரிங்கைத் தொடாமல் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளுங்கள். கடைகளில் இருக்கும் தள்ளுவண்டியின் சக்கரம் போல முன்சக்கரங்கள் தானாகச் சுழன்று தண்டுக்குப் பின்னால் போய் நிற்கும். அந்த நிலையில் அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங் நடுவில் உள்ள மூடியைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, வட்டையை மட்டும் நேராக மாட்டுங்கள்.

செல்வி டீச்சர்:
எனக்கு இது ரொம்ப நாளாகவே புரியாத விஷயம். நெம்புகோலை முன்னும் பின்னும் இழுத்து ஓட்டும் ஐரிஷ் மெயில் என்று ஒரு பழைய பொம்மை வண்டி உண்டே, அதில் கை இழுப்பது அச்சைச் சுற்றுகிறது, புரிகிறது. இதில் கைக்கும் சக்கரத்தின் சுழற்சிக்கும் தொடர்பே இல்லையே. பிள்ளைகள் உடம்பை முன்னால் உந்தி உந்தித்தானே நகர்த்துகிறார்கள்?

பழைய பேரிங்:
உந்தவே வேண்டாம் டீச்சர். சிலை மாதிரி உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டினாலும் நகரும்.

சக்கரம் தன் திசையில் உருளும், பக்கவாட்டில் நகராது. இது ஒன்றுதான் இங்கே விதி. ஸ்டீயரிங்கை ஆட்டும்போது, தண்டுக்குப் பின்னால் இருக்கும் முன்சக்கரம் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது. தரை விடுவதில்லை, எதிர்த்துத் தள்ளுகிறது. சக்கரம் அப்போது கோணலாக நிற்பதால் அந்தத் தள்ளலில் ஒரு பங்கு வண்டியின் நீளவாக்கில் கிடைக்கிறது. இடமும் வலமுமாகப் போய்வரும் முழு ஆட்டத்துக்கும் கணக்குப் பார்த்தால் முன்னோக்கிய தள்ளலே மிஞ்சும். கை ஒரு பக்கம் போய்த் திசை மாறுகிறதே, அந்த நொடியில்தான் தள்ளல் அதிகம். அதனால்தான் பெரிய வட்டமாகச் சுற்றும் பிள்ளையைவிட, அளவாகத் திருப்பி வெடுக்கென்று மாற்றும் பிள்ளை வேகமாகப் போகும்.

இதே தத்துவத்தில் ஓடும் ரோலர் ரேசர் என்ற தாழ்வான வண்டிக்கு வில்லியம் ஹென்ட்ரிக்ஸ் என்பவர் 1972-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். முன்சக்கரங்களை ஆட்டுவதால் மட்டுமே நகரும், திரும்பும் வண்டி என்றுதான் அதன் தலைப்பே சொல்கிறது. பிறகு கிருஷ்ணபிரசாத், சாகிரிஸ் என்ற இருவர் அந்தப் பொம்மையை வைத்து 2001-இல் கணிதக் கட்டுரையே எழுதினார்கள். பாம்பு மாதிரி நெளிந்து நகரும் ரோபோக்களை ஆராய்கிறவர்களுக்கு இது பிடித்தமான எடுத்துக்காட்டு. உந்துகிறார்கள் என்று நினைத்தது உங்கள் குற்றமில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கும்.

ரெட்டைச்சக்கரம்:
என் தம்பியிடம் ரிப்ஸ்டிக் இருக்கிறது, முன்னும் பின்னும் ஒவ்வொரு சக்கரம் வைத்த முறுக்குப் பலகை. அதுவும் இதே கதைதானா?

பழைய பேரிங்:
நெருங்கிய சொந்தம். அதில் இரண்டு சக்கரமும் சுழலும் வகை, சுழல் அச்சு சாய்வாக இருக்கும். பலகையை முறுக்கினால் சக்கரங்கள் இடமும் வலமும் திரும்பி உந்தும். அதில் கோளாறு என்றால் தனியாகக் கேளுங்கள், இங்கே அமுதாவின் வண்டி முடியட்டும்.

அமுதா:
மிக்க நன்றி அண்ணா. தள்ளிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே சக்கரங்கள் சுழன்று பின்னால் போயின, ஸ்டீயரிங்கில் உள்ள படம் தலைகீழாக வந்து நின்றது. வட்டையைக் கழற்றி நேராக மாட்டிவிட்டேன். இப்போது முன்னால்தான் போகிறது.

இரண்டாவது பிரச்சினை அப்படியே இருக்கிறது. சோப்புத் தண்ணீரால் துடைத்தாயிற்று. பின்சக்கர அச்சில் முடி சுற்றியிருந்தது, அதையும் ஊசியால் எடுத்துவிட்டேன். பின்சக்கரங்கள் தட்டினால் நன்றாகச் சுற்றுகின்றன. அக்கா மகள் எட்டு வயது, அவள் உட்கார்ந்தாலும் அதே மந்தம்.

திருகாணி:
முடி எடுத்தது நல்லது. ஸ்டீயரிங் தண்டில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். முன்சக்கரங்களை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வட்டையைத் திருப்பினால் எவ்வளவு தூரம் சும்மா போகிறது?

அமுதா:
கிட்டத்தட்ட இல்லை. விரல் நுனி அளவு.

பழைய பேரிங்:
திருகாணி கேட்டது சரியான கேள்வி. தள்ளல் கிடைப்பது திசை மாறும் நொடியில் என்று சொன்னேன் அல்லவா, தண்டு லூஸாக இருந்தால் அந்த நொடிதான் முதலில் வீணாகும். உங்களுக்கு அது இல்லை.

அப்படியானால் முன்பக்கம் அடியில் பாருங்கள். பெரிய முன்சக்கரங்களைத் தவிர இரண்டு குட்டிச் சக்கரங்கள் இருக்கின்றனவா? அவை வண்டி முன்னால் கவிழாமல் தாங்க வைத்தவை. சாதாரணமாகத் தரையைத் தொடக் கூடாது. பையனை உட்கார வைத்து, குட்டிச் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். ஆள் உட்கார்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும், காலி வண்டியில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

அமுதா:
காகிதம் போகவே இல்லை! இரண்டு குட்டிச் சக்கரங்களும் தரையில் அழுந்தி நிற்கின்றன. கவிழ்த்துப் பார்த்தால் அவற்றின் விளிம்பு எல்லாம் தேய்ந்து சொரசொரப்பாக இருக்கிறது. பெரிய முன்சக்கரங்கள் புதுசு மாதிரி பளபளக்கின்றன, நகத்தால் தட்டினால் டக் டக் என்று கெட்டிச் சத்தம். பின்சக்கரங்கள் அப்படி இல்லை, கொஞ்சம் ரப்பர் மாதிரி.

அக்காவிடம் கேட்டேன். பழைய முன்சக்கரங்கள் வெடித்துவிட்டதால் மாமா வேறு ஏதோ வண்டியின் சக்கரங்களை மாட்டினாராம். அதற்குப் பிறகு பிள்ளைகள் அதைத் தொடவில்லையாம்.

பழைய பேரிங்:
கிடைத்துவிட்டது. மாமா மாட்டியவை பழையவற்றைவிட விட்டம் குறைந்தவை. மூக்கு தாழ்ந்து, பாரம் குட்டிச் சக்கரங்களின் மேல் ஏறிவிட்டது. தரையைப் பிடிக்க வேண்டிய சக்கரத்தின் மேல் எடை இல்லை, போதாக்குறைக்கு அது கெட்டிப் பிளாஸ்டிக். ஆட்டினால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும், தள்ளல் எங்கிருந்து வரும்?

முகில்:
அப்படியென்றால் குட்டிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டால் வேலை முடிந்ததே.

பழைய பேரிங்:
கூடாது முகில். ஒரு பிள்ளை முன்னால் சாய்ந்தபடி வேகமாகத் திருப்பும்போதோ, முன்சக்கரம் வாசல்படியில் முட்டும்போதோ வண்டி மூக்கில் குத்தும். அப்போது தாங்குவது அந்தக் குட்டிகள்தான். சோதித்துப் பார்க்கக்கூட அவற்றைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

திருகாணி:
சோதனைக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. பழைய சைக்கிள் டியூபிலிருந்து, முன்சக்கரத்தின் அகலத்துக்குத் துண்டு வெட்டி, இழுத்துச் சக்கரத்தைச் சுற்றி இறுக்கமாக ஒட்டுங்கள். விட்டமும் கூடும், பிடிப்பும் வரும். ஒரு சுற்று போதவில்லை என்றால் இரண்டாவது சுற்று. நோய் இதுதானா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் இது. கொஞ்ச நேரத்தில் பிய்ந்து வரும், தரையில் கறுப்புக் கோடும் விழும்.

செல்வி டீச்சர்:
இது நல்ல யோசனை. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு சுற்றுங்கள் அமுதா, இல்லையென்றால் ஒரு பக்கம் சாயும்.

அமுதா:
ஓடுகிறது!! இரண்டு சுற்று டியூப் சுற்றினேன். பையன் ஏறியதும் காகிதம் தாராளமாக நுழைந்தது. கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சர்ரென்று போய்விட்டான், பிடிக்க நான் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. திருகாணி சொன்ன கறுப்புக் கோடும் விழுந்திருக்கிறது, அது பரவாயில்லை. டியூப் ஒரு பக்கம் இப்போதே விலகத் தொடங்கிவிட்டது.

சரி, புதுச் சக்கரம் வாங்க என்னென்ன அளவு எடுக்க வேண்டும்? பின்சக்கரத்தின் விட்டமே முன்னாலும் இருக்குமா?

பழைய பேரிங்:
இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், சில வண்டிகளில் முன்னது வேறு அளவு. டியூபோடு சேர்த்து இப்போது உள்ள விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், அதுவே உங்களுக்குக் குறைந்தபட்சம். ஆள் உட்கார்ந்த பிறகும் குட்டிச் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி வேண்டும். ஆனால் ரொம்பப் பெரிதாகவும் போகாதீர்கள். சக்கரம் உடலின் அடியில் உரசும், குட்டிகளும் தேவையான நேரத்தில் தாங்காமல் போகும்.

அப்புறம் மூன்று அளவுகள்: அச்சின் தடிமன், சக்கரத்தின் நடுத்துளை, துளை இருக்கும் இடத்தில் சக்கரத்தின் அகலம். துளை அச்சைவிடப் பெரிதாக இருந்தால் சக்கரம் கோணலாக ஆடும், அந்த ஆட்டமும் தள்ளலைத் தின்னும். பாலியூரித்தேன் (ரப்பர் மாதிரி இருக்கும் ஒரு பிளாஸ்டிக்) பூசிய சக்கரமாகப் பார்த்து வாங்குங்கள். நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கும், தரையிலும் கோடு விழாது. இரண்டையும் ஒரே ஜோடியாக மாற்றுங்கள்.

இன்னொன்று. வண்டி இப்போது உண்மையிலேயே ஓடும் நிலைக்கு வந்துவிட்டது, இதில் பிரேக் கிடையாது, கால்தான் பிரேக். படிக்கட்டுப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். சரிவான இடம் வேண்டவே வேண்டாம். இறக்கத்தில் வேகம் பிடித்துப் பக்கவாட்டில் திரும்பினால் உருண்டுவிடும்.

அமுதா:
கதவைச் சாத்திவிட்டேன். பெரியவர்கள் உட்காரலாமா? மாமாவே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார்.

திருகாணி:
அடிப்பாகத்தில் எடை வரம்பு அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். பெரியவர் எடையைத் தாங்கும் வண்டிகளும் உண்டு, பொடிசுகளுக்கு மட்டுமான வண்டிகளும் உண்டு. புதுச் சக்கரம் வரும்வரை மாமாவை ஏற்ற வேண்டாம், டியூப் ஒரே ஆட்டத்தில் கழன்றுவிடும்.

ரெட்டைச்சக்கரம்:
நான் ரிப்ஸ்டிக் பற்றித் தனியாகக் கேட்கிறேன் பேரிங் அண்ணா. பின்சக்கரம் மட்டும் நேராக வந்து நிற்காமல் கோணலாகவே இருக்கிறது.

பழைய பேரிங்:
கேளுங்கள். கேட்பதற்கு முன் அந்தச் சக்கரத்தைக் கையால் திருப்பி விட்டுப் பாருங்கள், தானாகத் திரும்பி வருகிறதா, கரகரவென்று நடுவில் நின்றுவிடுகிறதா என்று. அதையும் சேர்த்து எழுதுங்கள்.