நெட்வொர்க் பிளஸ்ஸா, சிசிஎன்ஏவா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பழைய போர்ட்:
நெட்வொர்க் பிளஸ் என்ற அடிப்படை நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வில் பாஸாகி இரண்டு வாரம் இருக்கும். சென்னை ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. ஓஎஸ்ஐ அடுக்குகள், டிசிபி, யுடிபி என்று தியரியில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். அப்புறம் இன்டர்வியூ எடுத்தவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். கன்சோல் கேபிள் ஏற்கெனவே நெட்வொர்க் சுவிட்சில் செருகியிருந்தது. "அஞ்சாவது போர்ட்டை வீலேன் 20-க்கு மாத்துப்பா" என்றார். ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பதுதான் வீலேன், ஏன் பிரிக்கிறோம் என்று பத்து நிமிடம் பேசுவேன். ஆனால் திரையில் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. முதலில் 'எனேபிள்' என்று அடிக்க வேண்டும் என்பதுகூடக் கைக்கு வரவில்லை. அவர் திட்டவில்லை. லேப்டாப்பை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. நேராக சிஸ்கோ கம்பெனியின் சிசிஎன்ஏ சான்றிதழ்த் தேர்வை எழுதியிருக்க வேண்டும்.

கோவைத் தம்பி:
அண்ணா, சிசிஎன்ஏ இருந்தாலும் இது நடக்கும். எனக்கு நடந்தது. நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் கடைசி மாதம் முழுக்க டம்ப், அதாவது கசிந்த தேர்வுக் கேள்வி-பதில் தொகுப்பு, மனப்பாடம்தான். பாஸாகிவிட்டேன். இன்டர்வியூவில் ஒரு மேடம் வெள்ளைத்தாளில் 192.168.10.70/26 என்று எழுதி, "இது எந்த சப்நெட்ல வருது?" என்றார். சப்நெட் என்றால் முகவரிகளின் ஒரு துண்டு; அதில் 62 ஹோஸ்ட், அதாவது 62 கருவி, அடங்கும் என்று மட்டும் வாயில் வந்தது. அதைக் கேட்கவே இல்லை அவர். 64-இல் தொடங்கி 127-இல் முடியும் என்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில், சிங்காநல்லூர் தாண்டும்போதுதான் விளங்கியது. தேர்வுக்கு அப்பா கொடுத்த 300 டாலர் காசு அது. அந்தத் தாளை மேடம் மடித்து என்னிடமே கொடுத்தார், வைத்திருக்கிறேன்.

ரேக் ரூம்:
நானும் 2019-இல் ஒரு இன்டர்வியூவில் தோற்றவன்தான், ரவுட்டரின் பாதைப் பட்டியலான ரவுட்டிங் டேபிளைப் படிக்கத் தெரியாமல். அதை விடுங்கள். தம்பிகள் எல்லோரும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து நெட்வொர்க் பிளஸ்ஸில் தொடங்குகிறீர்கள். அங்கே அதற்குக் காரணம் உண்டு. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 8570 விதிப் பட்டியலில் அந்தச் சான்றிதழ் இருந்தது. ராணுவ ஒப்பந்த வேலைக்கு அது நுழைவுச்சீட்டு. சென்னையில் அந்தக் கதவே இல்லை. இங்கே வேலை விளம்பரத்தைத் திறந்தால் சிசிஎன்ஏ என்றுதான் இருக்கும். அதற்கு முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. ஒரே தாள், அதன் எண் 200-301, 120 நிமிடம். ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வர முடியாது, அதற்கும் பழகிக்கொள்ளுங்கள். ஐபி கனெக்டிவிட்டி என்ற பகுதி மட்டும் 25 சதவீதம், அதனால் ரவுட்டர்கள் தாமே பாதை கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப், நாமே பாதை எழுதிவைக்கும் ஸ்டாடிக் ரூட் இரண்டையும் தூக்கத்தில் கேட்டாலும் போடுகிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் முதலில் சிஸ்கோவின் தொடக்கநிலைத் தேர்வான சிசிஎஸ்டி எழுதலாம், 125 டாலர், 50 நிமிடம். தினமும் பத்து சப்நெட் கணக்கு போடுங்கள். கணினியிலேயே நெட்வொர்க் போட்டுப் பழகும் பேக்கெட் டிரேசர் இலவசம்.

நெல்லை நைட் ஷிப்ட்:
ரேக் ரூம் அண்ணா, 125 கட்டி, அப்புறம் 300 கட்டு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். என் முதல் சம்பளம் அதைவிடக் குறைவு. சான்றிதழ் எதுவும் இல்லாமல்தான் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளராகச் சேர்ந்தேன். ஒருநாள் மாடி முழுக்க நெட் போய்விட்டது. எல்லோரும் ரவுட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு அடியில் எட்டு போர்ட் குட்டி சுவிட்ச் ஒன்று, அத்தனை விளக்கும் ஒரே சீராக, வெறிபிடித்த மாதிரி மின்னியது. ஒரே கேபிளின் இரண்டு முனையையும் யாரோ அதிலேயே செருகியிருந்தார்கள். லூப், டேட்டா அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை அணைத்துவிட்டு இதே கூத்தை பேக்கெட் டிரேசரில் நானே செய்து பார்த்திருந்தேன். பிடுங்கினேன், நெட் வந்துவிட்டது. எச்ஓடி, "எங்கே படிச்சம்மா?" என்று கேட்டார். சொல்ல ஒரு பேர் இல்லை என்னிடம். அந்த ஒரு கேள்விக்காகத்தான் பணம் சேர்த்து அடுத்த வருடம் சிசிஎன்ஏ எழுதினேன்.

பழைய போர்ட்:
அக்கா, நீங்கள் சொன்ன அந்த லூப்பை இப்போது போட்டுப் பார்த்தேன். டிரேசரில் பச்சை விளக்குகள் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். வீலேன் 20-உம் போட்டுவிட்டேன், அஞ்சாவது போர்ட்டில்.