புதுப்பிப்பு: காற்றாலைக்கு நிலம் குத்தகை, பத்திரம் பதிவாகிவிட்டது

ராதாபுரம் பக்கத்தில் எங்கள் மானாவாரி நிலத்தை 25 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்கிறார்கள், முத்திரைத்தாளில் எழுதினால் போதும் என்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

போடவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவை ஒருவர் எடுத்துக்காட்டியிருந்தார். அதுதான் கைகொடுத்தது. பிரிவைச் சொன்னதும் நிறுவனத்தார் பதிவுச் செலவையும் ஏற்றார்கள்.

நான் எதிர்பாராதது வேறு. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், அப்பா காலத்து அடமானம் அப்படியே நிற்கிறது! கடனை என்றோ அடைத்துவிட்டோம். கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் மட்டும் பதியவில்லை. அதைச் சரிசெய்யவே ஆறு வாரம் ஆயிற்று. நிலம் கொடுக்க நினைப்பவர்கள் பேச்சு தொடங்கும் முன்பே வில்லங்கம் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பாதை. அஸ்திவாரத்துக்குப் போகும் இடம் கொஞ்சம்தான். கிரேன் நிற்கவும், இறக்கை ஏற்றிய நீண்ட லாரி திரும்பவும்தான் நிலம் அதிகம் போகிறது. சர்வேயரை வைத்து அளந்து, வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்தோம். மீதி நிலத்தில் வழக்கம்போல் உளுந்து விதைக்கலாம் என்பதும் எழுத்தில் இருக்கிறது. குத்தகை முடிந்ததும் கோபுரத்தோடு கான்கிரீட்டையும் உழவு ஆழத்துக்குக் கீழே வரை அகற்ற வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டார்கள். அதற்கான வங்கி உத்தரவாதத்தைப் பத்தாம் ஆண்டில்தான் தருவார்களாம். அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

நிலத்தின் மூலப் பத்திரம் என் கையில்தான் இருக்கிறது. நகல் மட்டுமே கொடுத்தேன்.