சோலார் குத்தகையும் 302-ஆம் அத்தியாயமும்

டெக்சாஸில் நிலம் வாங்கிப் போட்டிருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். நானும் இரண்டு நண்பர்களும் கூட்டாக வாங்கிய 70 ஏக்கருக்கு, 2024 கடைசியில் ஒரு சோலார் கம்பெனியின் குத்தகைக் கடிதம் வந்தது. 30 வருட ஒப்பந்தம். ஏக்கருக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதைத் தவிர நாங்கள் வேறெதுவும் பேசவில்லை.

பக்கத்து நிலத்தில் மாடு வளர்க்கும் பெரியவர்தான் வேலியோரம் வந்து, "கடைசியில் இதையெல்லாம் யார் பிடுங்கிப் போடுவது?" என்று கேட்டார். சாய்ந்து கிடந்த வேலிக் கம்பத்தைக் காலால் தட்டி, இந்த ஒன்றைத் தோண்டவே அரை நாள் ஆனது என்றார். ஒப்பந்த வரைவைப் புரட்டினால், "நியாயமான அளவில் அகற்றப்படும்" என்று ஒரே வரி!

வக்கீல், மின்சாரம் போன்ற சேவைகளுக்கான டெக்சாஸ் சட்டத் தொகுப்பான யூட்டிலிட்டீஸ் கோடின் 302-ஆம் அத்தியாயத்தைக் காட்டினார். 2021-ல் வந்த சட்டம். காற்றாலைக்கு 2019-லேயே 301 வந்துவிட்டது. அஸ்திவாரத்தையும் புதைத்த கேபிளையும் குறைந்தது 3 அடி ஆழம் வரை கம்பெனியே எடுக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பண உத்தரவாதமும் தர வேண்டும். இந்த உரிமை வேண்டாம் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது. இந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒப்பந்தம் நடுவில் முறியாத வரை, அந்த உத்தரவாதத்தை உற்பத்தி தொடங்கி 20 வருடம் வரை தள்ளிப் போடலாம். அதற்குள் கம்பெனி எத்தனை கை மாறுமோ! காற்றாலைக்கு 10 வருடம்தானே என்று பிடிவாதமாக நின்று, எங்களுக்கும் 10 என்று எழுத வைத்தோம்.

அப்புறம் டெக்சாஸ் சட்டமன்றத்தின் 2025 கூட்டத்தொடரில் செனட் மசோதா 819 வந்தது. 10 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள காற்றாலை, சோலார் திட்டங்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்றது. கம்பெனிக்காரர் போனையே எடுக்கவில்லை. ஏப்ரலில் செனட்டில் நிறைவேறிய மசோதா கீழவையில் அப்படியே படுத்துவிட்டது. ஜூனில் அவரே கூப்பிட்டார், பழைய உற்சாகத்தோடு.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சோலார் வந்து விவசாய நிலத்துக்கான வரிச் சலுகை போனால், முந்தைய 3 வருட வரி வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். அது உங்கள் செலவு என்கிறோம் நாங்கள்; பாதிப் பாதி என்கிறார் அவர்.