வீட்டிலேயே மரபுக் கல்வி: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மூவருக்கு அம்மா

பாட வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி, அப்புறம் சொற்பொருளுக்கு நிகண்டு, இலக்கணத்துக்கு நன்னூல். பிள்ளைகளுக்கு வயது 11, 8, 2. கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேற ஒன்றரை வருஷம் ஆயிற்று. பாதிப் பாடம் படுக்கையில் இருந்தபடிதான் நடந்தது. சொல்ல வந்தது அது இல்லை.

மூத்தவனுக்கு நன்னூலின் முன்னுரையான பொதுப்பாயிரம் நடந்துகொண்டிருந்தது. மாணாக்கர் வகை வருமே, அந்த இடம். அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் இடைத்தரம், இல்லிக்குடம் (ஊற்றியதெல்லாம் ஒழுகிவிடும் ஓட்டைக் குடம்), ஆடு, எருமை, நெய்யரி கடைத்தரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாமவனிடம் முந்தின நாள் சொல்லிக்கொடுத்த நல்வழிப் பாட்டைக் கேட்டேன். மறந்துவிட்டது என்றான். அன்று எனக்கு முதுகுவலி வேறு. "இல்லிக்குடத்துக்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம், இதோ நம் வீட்டிலேயே இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சிரித்தான். இவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த ஒருவர், "நீங்க ரெண்டு பேரும் என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டார். "அண்ணன் நன்னூல். நான் இல்லிக்குடம்" என்றான். முகத்தில் வருத்தமே இல்லை. பெயர் கேட்டால் பெயரைச் சொல்வது போலச் சொன்னான். வந்தவர் அதையும் ஒரு நூல் என்று நினைத்துக்கொண்டு, "அது யார் எழுதினது?" என்று கேட்டார்.

நான் உள்ளே போய்விட்டேன்.

இரவுப்பணி அப்பா

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. என்னுடையது வேறு மாதிரி.

இரட்டைப் பையன்கள், அப்புறம் ஒரு பெண். என் தந்தை மருத்துவமனையில் கிடந்த இருபது நாளும் பாடம் வராந்தாவில்தான். புத்தகம் எடுத்துப் போக மறந்துவிடும், அதனால் வாயால் சொல்கிற பாட்டு மட்டும். மூதுரை முதல் பாட்டில் பெரியவன் திணறினான். "தளரா வளர்தெங்கு" வரை வந்து நின்றுவிட்டான். சின்னவனுக்கும் வரவில்லை. என் தோளில் தூங்குகிறாள் என்று நினைத்த நாலு வயதுக்காரி, கண்ணைத் திறக்காமலே, "தாளுண்ட நீரைத் தலையாலே தான்தருதலால்" என்று முடித்தாள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நன்னூலிலேயே இருக்கிறதே, ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் பிழை நீங்கும், மூன்றாம் முறை கேட்டால் பிறருக்கே முறையாகச் சொல்வான் என்று. கடைக்குட்டிகளுக்கு அந்த இரண்டு முறையும் மூன்று முறையும் சும்மாவே கிடைத்துவிடுகிறது, அண்ணன்மார் தப்புத் தப்பாகச் சொல்லும் புண்ணியத்தில்.

உறுத்துவது இதற்கு அப்புறம் நடந்தது. ஊற்று தானாகப் பொங்குகிறது என்ற ஆசையில் மறுநாளே அவளை உட்கார வைத்து முறையாக ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் வாயை மூடிக்கொண்டாள். எட்டு மாதம் ஒரு வரி சொல்லவில்லை. தோளில் கிடந்தபோது வந்தது, எதிரில் உட்கார வைத்ததும் போய்விட்டது.

வரிசை மாறாதவர்

முதல் பதிவு எழுதியவருக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள், தவறு அந்த ஒரு சொல்லில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. எட்டு வயதுப் பையன் காதில் விழும்படி நன்னூல் பாயிரம் எதற்கு? திண்ணைப் பள்ளியில் நீதி நூல்கள், எண்சுவடி, நிகண்டு எல்லாம் மனப்பாடம் ஆனபிறகுதான் இலக்கணத்துக்கே போனார்கள். மேற்கிலும் இதே கதைதான்: இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி என்று மூன்று படி. 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆற்றிய உரையில் இந்த மூன்றையும் பிள்ளைகளின் மூன்று பருவங்களோடு பொருத்திக் காட்டினார். திருப்பிச் சொல்லும் கிளிப் பருவம், எதிர்த்துப் பேசும் பருவம், தன் உணர்வைச் சொல்லத் தேடும் கவிதைப் பருவம். கிளியைக் கிளியாகவே இருக்க விடுங்கள்.

கேட்காமலே சில விஷயம் சொல்கிறேன். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று தனிப் பாடத்திட்டம் வைக்காதீர்கள், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்த முதல் வாரத்திலேயே மூன்றும் சேர்ந்து சரியும். காலையில் இருபது நிமிஷம் எல்லோரும் சேர்ந்து ஓதுவது, கைக்குழந்தை உட்பட. அப்புறம் கதையோ வரலாறோ ஒன்றை உரக்கப் படியுங்கள். கேட்டதைச் சின்னவன் வாயால் திருப்பிச் சொல்லட்டும், பெரியவன் எழுதட்டும். ஒரே பாடம், இரண்டு நிலை. கணக்கும் இலக்கணமும் மட்டும் தனித்தனி. உடம்பு முடியாத வாரங்களில் அந்தத் தனிப் பாடத்தைக் கூச்சப்படாமல் நிறுத்துங்கள், ஓதுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். மனப்பாடத்துக்கு அந்தாதி எடுங்கள். ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குவதால் மறந்த பிள்ளைக்கும் பிடித்துக்கொள்ள ஒரு நுனி இருக்கும். மறதிக்காரப் பையனுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. மூத்த பிள்ளையை வாத்தியார் ஆக்காதீர்கள். மறந்த பாட்டுக்கு அன்றே தண்டனை வேண்டாம், மறுநாள் காலை எல்லோரோடும் சேர்ந்து இன்னொரு முறை சொல்ல வைத்தால் போதும். பழைய பாட்டுகளுக்கு ஒரு முறைவைப்பு வேண்டும், இந்த வாரம் படித்தது தினமும், போன மாதத்தது வாரம் ஒருமுறை, அதற்கு முந்தியது மாதம் ஒருமுறை.

என் சம்பவம்: என் மகன் கீழ்வாய் இலக்கம், அதாவது பழைய பின்ன வாய்பாடு, முழுதும் ஒப்பிப்பான், முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று என்று. ஒருநாள், நாலு முந்திரி சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். விழித்தான். ஒரு காணி என்று நானே சொல்ல வேண்டியிருந்தது.

நான்கு பேர், ஒரு மேசை

ஐயா, அந்த உரையை எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். தனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரே குழந்தை தான்தான் என்று சேயர்ஸே அதில் ஒப்புக்கொள்கிறார். அந்த வரியை மட்டும் ஏன் யாரும் எடுத்துச் சொல்வதில்லை? எங்கள் வீட்டில் மூன்று பருவமும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் நடக்கிறது, சில நாள் ஒரே பிள்ளையிடம் நடக்கிறது. உங்கள் மகனையே பாருங்கள், கிளியைக் கிளியாக விட்டதில்தானே அந்த முந்திரி உதிர்ந்தது?

நாங்கள் படிப்பது லத்தீனும் யூக்ளிடின் வடிவகணிதமும். கணவரைப் பிரிந்த வருஷம் லத்தீன் நின்றேவிட்டது. பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும் ஐந்து அடுக்கில் முதல் அடுக்கைத் தாண்டவே இல்லை, இன்னும் நான்கு அடுக்கு பாக்கி. யூக்ளிட் மட்டும் நிற்கவில்லை, ஒரு கோலும் கவராயமும் இருந்தால் போதுமே.

பெரியவளுக்கு 13 வயது. முதல் புத்தகத்தின் ஆறாம் தேற்றம், இரண்டு கோணம் சமம் என்றால் எதிர்ப் பக்கங்களும் சமம் என்பது. எதிரி சொல்வதை உண்மை என்று வைத்துக்கொண்டு முரண்பாட்டில் கொண்டுபோய் முட்டவைக்கும் வழி யூக்ளிடில் முதன்முதலாக வருவது அங்கேதான். அந்த வாரமே ஒரு ராத்திரி, பாத்திரம் கழுவிக்கொண்டே, "அம்மா, நீ நாலு பேரையும் சமமாக நடத்துகிறாய் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்தாள். "சமம் என்றால் பாட நேரமும் சமமாக இருக்க வேண்டும். தம்பி பிறந்ததிலிருந்து என்னோடு தனியாக உட்கார்ந்தது ஏழு நாள். குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் அவனோடு தினமும். ஆகவே முதலில் வைத்துக்கொண்டது தப்பு." கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஓட்டை தேடினேன். கைக்குழந்தைக்குப் பாடமே கிடையாது, பால் கொடுப்பதும் பாட நேரமும் ஒன்றா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏழு நாள் என்று எண்ணி வைத்திருந்தாளே.

அப்படி வளர்ந்த மூத்தவள்

மூத்த பிள்ளையை வாத்தியார் ஆக்காதீர்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். என் அம்மா என்னை ஆக்கினார். அதற்கும் நன்னூலையே சாட்சிக்கு இழுப்பார்: ஆசிரியரிடம் நன்றாகக் கேட்டாலும் வருவது கால் பங்கு, கூடப் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால், மீதி அரைப்பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்வதில்தான் என்று. "உனக்குத்தான் அரைப்பங்கு லாபம்" என்பார். பொய் இல்லை, எனக்கு இலக்கணம் அப்படித்தான் ஊன்றியது. அதனால் அந்த அறிவுரையை நான் முழுதும் ஏற்கவில்லை. ஆனால் லாபத்தைக் கணக்கிட்டவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்கு 12, தம்பிக்கு 9. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து பக்கத்து அறையில் படுத்திருந்தார். குற்றியலுகரம் ஆறு வகை. 'எஃகு' என்ன தொடர் என்று கேட்டால் வன்தொடர் என்றான். ஆய்தத்தொடர் என்று சொல்லி மறுபடி கேட்டேன். வன்தொடர். மூன்றாம் முறையும் அதையே சொன்னான், அறைந்துவிட்டேன். அவன் அழவில்லை. கையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டான், அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று.

இப்போது அவனுக்குப் பிள்ளை இருக்கிறது. போன மாதம் இதைச் சொன்னேன். நினைவே இல்லை என்று சிரிக்கிறான். எஃகு ஆய்தத்தொடர் என்பது மட்டும் நினைவிருக்கிறதாம்.

மூவருக்கு அம்மா

எல்லோருக்கும் நன்றி. அந்தாதி யோசனையை எடுத்துக்கொள்கிறேன். பாயிரம் நடத்தும்போது இவனை எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை, இருப்பது ஒரே அறை.

நேற்று அவனிடமே பேசிவிட்டேன். அன்று சொன்னது தப்பு, நீ அப்படி இல்லை என்றேன். "சரி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நெய்யரின்னா என்னம்மா?" என்று கேட்டான். நெய் வடிகட்டுவது, நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். இதுவரை எத்தனையோ தடவை அவனைப் பாராட்டியிருக்கிறேன், அதில் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவன், "அப்போ நான் அதுவா?" என்றான்.

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சின்னது எழுந்து அழ ஆரம்பித்தது, தூக்கப் போய்விட்டேன்.