தங்கச்சியின் பிள்ளையை எடுத்துவிட்டார்கள், இந்தப் போதைக் கோட்டில் சேரலாமா?

கல்லடிப்பாலம்:
தங்கச்சி அமெரிக்காவில், புருஷனும் விட்டுட்டுப் போயிட்டார். ஒப்பரேஷனுக்குக் கொடுத்த வலிக் குளிசையில் தொடங்கிய பழக்கம், இப்போது சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகள் இரண்டு வயது மகனை எடுத்து யாரோ ஒரு வீட்டில் விட்டிருக்கிறார்கள். குடும்பப் போதைச் சிகிச்சைக் கோட்டில் சேரச் சம்மதமா என்று கேட்கிறார்களாம். அம்மாவுக்குக் கோட் என்றாலே மறியல்தான், "கையெழுத்து வைக்காதே மகள்" என்று வட்ஸ்அப்பில் ஒரே அழுகை. என்ன செய்யலாம்?

வாழைச்சேனை அக்கா:
தம்பி, நான் அங்கே இப்படியான வழக்குகளில் மொழிபெயர்க்கப் போயிருக்கிறேன். வழக்கு பிள்ளையைப் பற்றியது, குற்ற வழக்கு இல்லை. 1990களின் நடுவில் நெவாடாவின் ரீனோவில் தொடங்கிய முறை. கிழமைக்கு ஒருக்கால் அல்லது இரண்டு கிழமைக்கு ஒருக்கால் நீதிபதி முன்னால் போகவேண்டும், சலப் பரிசோதனை, சிகிச்சை, இடையில் பிள்ளையைப் பார்க்கிற நேரம். சலத்தில் போதை காட்டிய ஒரு தாய் உள்ளே வராமல் கதவோடு நின்றுவிட்டா. பிறகு வந்து உள்ளதைச் சொன்னா, நீதிபதி கிளினிக் நாட்களைக் கூட்டினாரே தவிர வெளியே போ என்று சொல்லவில்லை. ஆனால் சில இடங்களில் விதியை மீறினால் ஓரிரு நாள் உள்ளே வைப்பதும் உண்டு, அதை லோயரிடம் கேட்டுவிட்டே கையெழுத்து வைக்கட்டும். தாயும் பிள்ளையும் ஒன்றாகத் தங்கும் சிகிச்சை இடம் இருக்கிறதா என்றும் கேட்கட்டும். யோசித்துக்கொண்டே இருக்க நேரமில்லை. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசி 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை அரசாங்கப் பொறுப்பில் இருந்தால், சில விலக்குகள் தவிர, தாயின் உரிமையையே நீக்க மனுப் போடுவார்கள்.

அக்கரைப்பற்று:
இங்கே அப்படித் தனிக் கோட் இல்லை, நீதவானும் நன்னடத்தை அலுவலரும்தான். எங்கள் ஒழுங்கையில் தகப்பன் ஐஸ் போதைப்பொருள் அடித்து, தாயும் இல்லாமல், பிள்ளையைப் பொறுப்பெடுக்க யார் இருக்கிறீர்கள் என்று கேட்டபோது மானம் போகும் என்று சொந்தம் முழுக்க வாய் திறக்கவில்லை, பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போய்விட்டது. மறுகா அம்மம்மா ஜீ.எஸ் (கிராம சேவகர்) கடிதத்தோடு அலைந்து எடுக்க ஏழு மாதம். அங்கே உங்களுக்குச் சொந்தம் ஒருத்தரும் இல்லையா?

வாழைச்சேனை அக்கா:
சரியான கேள்வி. பிள்ளையை எடுத்து 30 நாளுக்குள் சொந்தக்காரரைத் தேடி அறிவிக்கவேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. ஆனால் தங்கச்சி பேர் கொடுக்காவிட்டால் அவர்கள் யாரைத் தேடுவது?

கல்லடிப்பாலம்:
பெரியம்மாவின் மகன் அதே மாநிலத்தில்தான் இருக்கிறார். வெட்கத்தில் அவருக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே இப்போது விடிந்திருக்கும்தானே, அவருக்குக் கோல் எடுத்துப் பார்க்கிறேன்.