தோண்டும் முன் மனையில் முன்பு இருந்தவர்களைத் தேடுவது எப்படி?

வண்டல்மண்:
கும்பகோணம் நகருக்குள் ஒரு காலி மனை. அகழாய்வு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். குழிகளை எங்கே போடுவது என்று முடிவெடுக்க, 1800 முதல் அங்கே யார் இருந்தார்கள், என்ன தொழில் என்று தெரிய வேண்டும். இணைய வில்லங்கச் சான்றில் பழைய காலம் வரவில்லை.

சக்குபந்தி:
சார்பதிவகத்தில் கைத்தேடலுக்கு மனுப் போடுங்கள். இன்றைய பத்திரப் பதிவு முறை 1865-இல்தான் தொடங்கியது. பழைய பத்திரத்தில் சர்வே எண் இருக்காது, தெருவும் நான்கெல்லையும்தான் இருக்கும். அதனால் சொத்து அட்டவணையோடு பெயர் அட்டவணையையும் பாருங்கள். பக்கத்து மனைகளின் பத்திரங்களை அவசியம் எடுங்கள். ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு’ என்று உங்கள் மனைக்காரர் பெயர் அதில் இருக்கும். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை, வாரிசாக வந்ததும் வில்லங்கத்தில் ஏறாது. பதிவு இல்லாத இருபது வருடத்தைப் பார்த்து வீடு காலியாகக் கிடந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

குடமுருட்டி:
பத்திரத்தில் ‘கட்டடம் மட்டும்’ என்றிருந்தால் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கலாம். கோயில் என்றால் நிர்வாக அலுவலகத்தில் 1959 இந்து சமய அறநிலையச் சட்டம் 29-ஆம் பிரிவின்படி வைத்திருக்கும் சொத்துப் பதிவேட்டையும் வாடகைக் கணக்கையும் கேளுங்கள். குடியிருந்தவர் பெயருக்கு வரிவிதிப்புப் பதிவேடு. கதவு எண் மாறியிருக்கும். எண்ணை நம்பாமல் தெருக்கோடியிலிருந்து வீட்டு வரிசையை வைத்துப் பொருத்துங்கள்.

உறைகிணறு:
பழைய புலப்படத்தில் (நில அளவைப் படம்) அளவு லிங்க்ஸில் இருக்கும். 150 லிங்க்ஸ் என்பது 99 அடி. அதை அடி என்று எடுத்தால் குழி அடுத்த வீட்டில் விழும். வரைபடத்தைப் பொருத்தக் கோபுர அடித்தளம், குளப்படிக்கட்டு மூலைகளை எடுங்கள்; தெருமுனை வேண்டாம், சாலை விரிவாக்கத்தில் நகர்ந்திருக்கும்.

தொழில் தெரிவது மிக முக்கியம். நெசவாளர் வீடென்றால் தரையில் உள்ள பள்ளம் குழித்தறியாக இருக்கலாம். தெரியாதவர் தானியக் குழி என்று குறித்துவிடுவார். கன்னார் (பித்தளை, வெண்கல வேலை செய்பவர்) பட்டறை என்றால் மூசை (உலோகம் உருக்கும் கிண்ணம்) துண்டும் உலோகக் கசடும் வரும், கொல்லைப்புறத்தை விடாதீர்கள். தோண்டுவது பிப்ரவரி முதல் மே வரை. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால் குழியில் ஊற்றெடுக்கும். ஆவண வேலையை மழைக்காலத்தில் முடித்துவிடுங்கள்.

வண்டல்மண்:
1865-க்கு முன் என்ன செய்வது? தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் மோடி எழுத்தில் உள்ள மராத்தி ஆவணங்கள் உதவுமா?

சக்குபந்தி:
1799-க்கு முன்பு என்றால் உதவக்கூடும். அந்த வருட ஒப்பந்தத்தில் நாடு கிழக்கிந்தியக் கும்பினியிடம் போய், தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜியிடம் தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும்தான் மிஞ்சின. அதன் பிறகு கும்பகோணத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தஞ்சை ஜில்லா கலெக்டர் பதிவுகள்தான் வழி. தெருப் பெயரின் பழைய எழுத்து வடிவங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.